ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால்...

*கலைஞர்கள் தங்கள் வேலையைத் தாங்களே பதிந்து வைக்காவிட்டால் இழப்பு யாருக்கு? நூறாண்டு மேடையும் திரையும் சொல்லும் பதில்கள்*

அந்தப் பையனுக்கு விளையாட்டு வயது. வீட்டில் கிடந்த படச்சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்துத் தீ வைக்கிறான். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் அது. தீக்குச்சியைக் காட்டினால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். இன்னொரு துண்டு, இன்னொரு குப். அவன் எரித்துக்கொண்டிருந்தது 'விகதகுமாரன்'. மலையாளத்தின் முதல் திரைப்படம்.

அவன் அப்பா ஜே.சி.டேனியல். அகஸ்தீஸ்வரத்துக் குடும்பம். இருந்த சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ கட்டி, கதை எழுதி, இயக்கி, தானே நாயகனாகவும் நடித்த மனிதர். படம் கையைச் சுட்டது. பிறகு பல் மருத்துவரானார். சுருள் எரிந்த கதையைப் பின்னாளில் அந்த மகனே சொன்னார்.

படம் போனது பெரிய இழப்புதான். அதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. தன்னுடையதுதான் முதல் படம் என்று காட்ட டேனியலிடம் அதிகமாக ஒன்றும் இல்லை. 1960-களில் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, எழுதி எழுதி ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மௌனப் படம் எப்படி மலையாளப் படம் ஆகும், வசிப்பது தமிழ்நாட்டில் அல்லவா என்றெல்லாம் சொல்லி ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். 1992-ல் அவர் பெயரிலேயே கேரள அரசு விருது ஏற்படுத்தியது. படம் வெளியானது 1928-லா 1930-லா என்ற வாக்குவாதம்கூட அதற்குப் பிறகும் நடந்தது. முதல் காட்சியின் நோட்டீஸ் ஒன்றை யாராவது ட்ரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

வழக்கு காப்பாற்றிய படம்

அதே குடும்பத்தில் இன்னொரு கதை. டேனியலின் உறவினர், நாகர்கோவில் ஆர்.சுந்தர்ராஜ், சி.வி.ராமன் பிள்ளையின் நாவலை வைத்து 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படத்தை 1933-ல் வெளியிட்டார். நாவலின் உரிமை திருவனந்தபுரம் கமலாலயா புக் டிப்போவிடம் இருந்தது. அவர்களைக் கேட்காமல் எடுத்ததால் வழக்கு வந்தது, ஓட்டம் நின்றது, பிரதி பதிப்பகத்தார் கைக்குப் போனது. சுந்தர்ராஜுக்குப் பலத்த அடி.

ஆனால் பாருங்கள், பிரதி அங்கேயே பத்திரமாகக் கிடந்தது. 1974-ல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறத்தாழ முழுமையாக இன்று பார்க்கக் கிடைப்பது அது ஒன்றுதான். எடுத்தவரின் அக்கறை காப்பாற்றவில்லை, அரசின் அக்கறையும் காப்பாற்றவில்லை. எதிராளி போட்ட வழக்கு காப்பாற்றியிருக்கிறது! எல்லாக் கலைஞருக்கும் இப்படி ஒரு நல்ல எதிராளி வாய்க்க மாட்டார்.

சென்னையில் ஆர்.நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னகத்தின் முதல் கதைப்படம். அது வந்த ஆண்டு 1916 என்பார்கள், 1917 என்பார்கள், 1918 என்றும் சொல்வார்கள். படம் இல்லை.

ஒருவர் எழுதினார், ஒருவர் எழுதவில்லை

திரையை விடுவோம். அது ரசாயனம், பழி போட ஒரு ஃபிலிம்சுருளாவது இருக்கிறது. நாடக மேடைக்கு வாருங்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். பம்மல் சம்பந்த முதலியார் 1873-ல் பிறந்தவர். ஒரே காலம், ஒரே மொழி. இருவருமே தமிழ் நாடகத்தின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர்கள்.

முதலியார் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. 1891-ல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார், அச்சிட்டும் வைத்தார். அதோடு நிற்காமல் 1930-களில் 'நாடக மேடை நினைவுகள்' என்று பாகம் பாகமாக எழுதினார். எந்த நாடகம் எப்போது போட்டது, யார் என்ன வேடம் கட்டினார், ஒத்திகை எப்படி நடந்தது, யார் கோபித்துக்கொண்டு போனார், எங்கே சொதப்பியது என்று எல்லாம் அதில் உண்டு. சில இடங்களில் அலுப்புத் தட்டும். தற்பெருமை என்றும் தோன்றும். தோன்றட்டுமே! அன்றைய சென்னை மேடையைப் பற்றி எழுத உட்காரும் யாரும் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடிவதில்லை.

சுவாமிகள் ஊர் ஊராகப் போனவர். கம்பெனி கம்பெனியாக வாத்தியார் வேலை. 1918-ல் மதுரையில் பாலர் சபை ஆரம்பித்தார். ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். 1922-ல் புதுச்சேரியில் மறைந்தார். அவர் எழுதியவை மொத்தம் எத்தனை? நாற்பது என்று ஒரு கணக்கு, அறுபத்தெட்டு என்று ஒரு கணக்கு. நமக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். தன்னைப் பற்றி அவர் ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை.

அவரை ஓரளவு நமக்கு மீட்டுக் கொடுத்தவர் அந்தப் பாலர் சபையில் ஆறு வயதில் சேர்ந்த ஒரு பையன். பின்னாளில் அவ்வை தி.க.சண்முகம் என்று பெயர் பெற்றவர். 'எனது நாடக வாழ்க்கை' என்ற அவருடைய நூல் இல்லையென்றால் சுவாமிகள் நமக்கு ஒரு பெயராகவும் சில பாடல்களாகவும் மட்டுமே மிஞ்சியிருப்பார். மாணவருக்கு எழுத வந்ததால் ஆசிரியர் தப்பினார்.

சுவாமிகளின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்குவது நியாயமில்லை. கம்பெனி நாடகத்தில் 'பாடம்'தான் மூலதனம். அச்சில் வந்துவிட்டால் அடுத்த கம்பெனிக்காரன் அதே வாரத்தில் மேடையேற்றிவிடுவான். ஆகவே பாடம் நடிகர்களின் மனப்பாடத்திலேயே இருந்தது. எழுதுவதற்கு நேரமும் மேசையும் வேண்டும், அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமும் வேண்டும். இதெல்லாம் சென்னை நீதிபதிக்கு இருந்தது. கொட்டகைக்குக் கொட்டகை மாட்டு வண்டியில் போன வாத்தியாருக்கு இல்லை. கையில் காமிராவோடு ஒரு போன் இருக்கும் இன்றைய கலைஞருக்கு அந்தச் சமாதானம் பாதிதான் பொருந்தும்.

> தொலைந்தவையும் தப்பியவையும்
>
> • முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. நாயகி டி.பி.ராஜலட்சுமி. பிரதி கிடைக்கவில்லை. முதல் இந்தியப் பேசும்படமான 'ஆலம் ஆரா'வும் அப்படியே.
>
> • இந்தியாவில் தயாரான மௌனப் படங்கள் சுமார் 1,300. துண்டும் துணுக்குமாக மிஞ்சியவற்றைச் சேர்த்தாலும் முப்பதைத் தாண்டாது.
>
> • பாரதியின் புகைப்படங்கள் என்று நமக்குக் கிடைத்தவை ஐந்து. குரல் பதிவு இல்லை.
>
> • பாலசரஸ்வதியின் ஆட்டத்தை சத்யஜித் ராய் 'பாலா' என்ற ஆவணப்படமாக எடுத்தது 1976-ல். அப்போது பாலாவுக்கு 58 வயது.

பெயர் தெரியும், முகம் தெரியாது

பதிவில்லாத வரலாற்றில் முதலில் காணாமல் போவது யார்? பெண்கள். அடுத்து, ஊர் ஒதுக்கி வைத்தவர்கள். 'விகதகுமாரன்' நாயகி பி.கே.ரோசி இரண்டும்தான். தலித் பெண் ஒருவர் நாயர் குலப் பெண்ணாக வேடம் கட்டியதைப் பொறுக்காத கூட்டம் அவரை ஊரைவிட்டே விரட்டியது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, பெயரை மறைத்து வாழ்ந்து முடிந்தார். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டுக் கொண்டாடியது. அது கற்பனையில் வரைந்த முகம். சந்தேகமில்லாமல் இவர்தான் என்று சொல்லக்கூடிய புகைப்படம் ஒன்றும் இல்லை.

கும்பகோணம் பாலாமணி பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்கப் போகும் கூட்டத்துக்காக ரயிலே விட்டார்கள், அதற்குப் 'பாலாமணி ஸ்பெஷல்' என்று பெயர் என்பார்கள். அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள், பெரும்பாலும் ஆண்கள், தங்கள் நினைவுகளுக்கு நடுவே போகிற போக்கில் சொன்னது. அவர் எப்படிப் பயிற்சி கொடுத்தார், கணக்கு வழக்கை எப்படிப் பார்த்தார், ஏன் கடைசியில் வறுமைக்கு வந்தார் என்று அவர் வாயால் ஒரு வரி கிடையாது. அழகையும் அந்த ரயிலையும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நிர்வாகியாக அவர் யார்?

தன்னைப் பற்றித் தானே எழுதுவது தற்பெருமை என்ற கூச்சம் நம் ஊரில் உண்டு. எழுதாமல் விட்டால் இன்னொருவர் தனக்குத் தோன்றியதை எழுதுவார்.

கைவிட்டதைப் பொறுக்கியவர்கள்

கோட்டையூர் முத்தையா ஒரு சைன்போர்டு ஓவியர். 'ரோஜா' முத்தையா என்றால்தான் தெரியும். பழைய புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மற்றவர்கள் எடைக்குப் போடுகிற சகலமும். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. இன்று தமிழ் மேடையைப் பற்றி ஆய்வு செய்கிறவர்கள் தரமணிக்குத்தான் போகிறார்கள்.

ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்ப் படங்களின் பெயர், தேதி, நடித்தவர், தயாரித்தவர் என்று வாழ்நாள் முழுவதும் குறித்துக்கொண்டே இருந்தார். புனே காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே.நாயர் எங்கெங்கோ அலைந்து சுருள்களைச் சேர்த்தார். இருவரும் 2016 மார்ச்சில், மூன்று வாரத்துக்குள் அடுத்தடுத்துக் காலமானார்கள். அவர்களைப் போல அலைய இன்னொருவர் வருவார் என்று நம்பி இன்றைய கலைஞர் சும்மா இருக்க முடியுமா?

வெளியாள் சேர்க்கும்போது வருவது முடிந்த பொருள் மட்டும்தான். படம் வரும், அச்சான புத்தகம் வரும். எப்படிச் செய்தார் என்பது வராது. அதைச் செய்தவர் மட்டுமே தர முடியும். ஏ.கே.செட்டியார் காந்தியைப் பற்றிப் படம் எடுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். 1940-ல் தமிழில் வெளியிட்ட அந்த முழுப் படம் இன்று கிடைப்பதில்லை. ஆனால் எந்த நாட்டில் யாரைப் பார்த்தார், எப்படிக் கெஞ்சி வாங்கினார் என்று அவரே எழுதியது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று புத்தகமாக இருக்கிறது. படம் போனாலும் படமெடுத்த பாடு படிக்கக் கிடைக்கிறது. இளம் ஆவணப்பட இயக்குநர் ஒருவருக்கு எது அதிகம் கற்றுத்தரும் என்று கேட்டால், நான் யோசிக்காமல் அந்தப் புத்தகத்தைச் சொல்வேன்.

எழுதினால் கலை செத்துவிடுமா?

இந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியாது. ஒரே 'கர்ண மோட்சம்' நாடகத்தை இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடத்துவதுதான் தெருக்கூத்து. எதிரில் உட்கார்ந்திருக்கும் சனத்தைப் பார்த்து வசனம் நீளும், சுருங்கும். அதை ஒரு ராத்திரி வீடியோ எடுத்து 'இதுதான் பாடம்' என்று வைத்துவிட்டால் அடுத்த தலைமுறை அதையே மனப்பாடம் செய்யும் ஆபத்து உண்மைதான்.

சங்கீதத்திலும் இந்தத் தயக்கம் இருந்தது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் பரம்பரையாக வந்து சேர்ந்திருந்தன. அவற்றை எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்று விடாமல் நின்றவர் சின்னசாமி முதலியார். கத்தோலிக்கக் கிறிஸ்தவர், சென்னை அரசு அலுவலகத்தில் வேலை. தன் பணத்தையும் கண்பார்வையையும் இதற்கே செலவழித்துவிட்டுப் போனார். முதலில் தயங்கிய தீட்சிதர் கடைசியில் எழுத உட்கார்ந்தார். எட்டயபுரம் ஜமீன் ஆதரவில் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வந்தது, ஏறத்தாழ 1,700 பக்கம். கமகங்களுக்குத் தனிக் குறியீடுகள் போட்டு எழுதியிருந்தார்.

அதனால் கர்னாடக இசை உறைந்து போனதா? மாறாக, இந்த ராகம் அன்று இப்படியா இருந்தது, நாம் பாடுவது எப்போது மாறியது என்று இன்றுவரை வித்வான்கள் சண்டை போட அந்தப் புத்தகம்தான் இடம் கொடுக்கிறது. கூத்துக்கும் வழி உண்டு. ஒரு ராத்திரியைப் பதியாமல் ஐந்து ராத்திரியைப் பதியுங்கள், ஐந்து ஊரில். வேறுபாடுதான் கலை என்றால் வேறுபாட்டையே பதியலாமே.

நோட்டு இல்லையென்றால் துட்டும் இல்லை

வரலாறு, பெருமை எல்லாம் இருக்கட்டும். பிழைப்பைப் பேசுவோம்.

பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 53ஏ பிரிவை எத்தனை ஓவியர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள்? நீங்கள் வரைந்த மூல ஓவியமோ, செதுக்கிய சிற்பமோ, எழுதிய மூலக் கையெழுத்துப் பிரதியோ மறுவிற்பனையில் 10,000 ரூபாய்க்கு மேல் போனால், அந்த விலையில் உங்களுக்கும், உங்களுக்குப் பின் வாரிசுக்கும் பங்கு உண்டு. உச்சவரம்பு 10 சதவீதம். இந்த உரிமை பெரும்பாலும் ஏட்டோடு நிற்கிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்தாதவர்கள் மேல் குறை இருக்கிறது. ஆனால் முதலில் யாருக்கு விற்றோம், என்ன அளவு, எந்த வருடம், பின்புறம் கையெழுத்துப் போட்டோமா என்ற குறிப்பே இல்லாத ஓவியர், எதைக் காட்டி எதைக் கேட்பது?

போலிகளின் கதையும் இதே. ஓவியர் இறந்த பிறகு விலை ஏறும். ஏறியதும் போலிகள் வரும். அவர் கையால் எழுதிய படைப்புப் பட்டியல் இருந்தால் போலிக்காரனுக்கு அதுவே பெரிய தலைவலி. இல்லாவிட்டால் நிபுணர் ஒருவர் இது அசல் என்பார், இன்னொருவர் இல்லை என்பார், குடும்பம் நடுவில் நிற்கும்.

பாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தம்தான் உயிர். இளையராஜாவின் பாடல் உரிமை வழக்குகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி, பல பத்தாண்டுகளுக்கு முன் யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்பதே. படைப்புரிமை படைத்தவரின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கிறது. அவ்வளவு காலம் தாங்கும் கோப்பு வீட்டில் இருக்கிறதா?

கீழ்மட்டத்தில் இது இன்னும் கூர்மை. நலவாரிய அட்டைக்கோ நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கோ போனால், கலைஞர் என்பதற்குச் சான்று கேட்பார்கள். நாற்பது வருடம் பறை அடித்தவரிடம், கரகம் எடுத்தவரிடம், காட்ட ஒரு திருவிழா நோட்டீஸ் இருக்காது. அதில் பெயர் போட்டிருந்தாலும் 'குழுவினர்' என்று முடித்திருப்பார்கள்.

ரீல்ஸ் போட்டால் பதிவா?

இப்போதுதான் எல்லோரும் எல்லாவற்றையும் படம் பிடிக்கிறார்களே என்று கேட்கலாம். பிடிக்கிறார்கள், பிறருக்குக் காட்ட. காட்டுவதும் வைத்துக்கொள்வதும் ஒன்றல்ல. வாட்ஸ்அப்பில் போய் வந்த ஓவியப் படம் சுருங்கியிருக்கும், தேதியும் மாறியிருக்கும். முப்பது விநாடி ரீலில் ஆலாபனை எங்கே தொடங்கி எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்?

அந்தத் தளங்களும் நம்முடையவை அல்ல. மைஸ்பேஸ் ஒரு காலத்தில் இளம் இசைக்குழுக்களின் சொந்த ஊர். 2003 முதல் 2015 வரை அதில் ஏற்றிய பாடல்கள், சுமார் ஐந்து கோடி, சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019-ல் தெரியவந்தது. வேறு பிரதி வைக்காதவர்களுக்கு அதோடு சரி. ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்து காகிதத்துக்கும் உண்டு. 1981-ல் யாழ்ப்பாணம் நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் சாம்பலாயின. அங்கே எரித்தவர்கள் மனிதர்கள். இங்கே வெள்ளம், கறையான், கெட்டுப்போன ஹார்டு டிஸ்க்.

> என்ன எழுதுவது, எங்கே வைப்பது?
>
> • *படைப்புப் பட்டியல்:* தலைப்பு, தேதி, அளவு, என்ன பொருளில் செய்தது, யாரிடம் போனது, என்ன விலை. ஒரு நீள நோட்டு போதும்.
>
> • *செய்த விதம்:* கைவிட்ட வரைவுகள், ஒத்திகையில் மாற்றியது, ஏன் மாற்றினோம் என்று இரண்டு வரி. இதுதான் பின்னால் யாராலும் தேடி எடுக்க முடியாதது.
>
> • *காகிதங்கள்:* நோட்டீஸ், அழைப்பிதழ், ரசீது, முன்பணச் சீட்டு. நோட்டீஸில் குழுவின் எல்லாப் பெயரும் வரும்படி கேளுங்கள்.
>
> • *புகைப்படம்:* படத்தில் யார், எந்த ஊர், எந்த வருடம். எழுதாத படம் இருபது வருடத்தில் அநாதை.
>
> • *பிரதிகள்:* மூன்று. அதில் ஒன்று வேறு ஊரில்.
>
> • *வாரிசு:* உங்களுக்குப் பின் இவை யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

எப்போது தொடங்குவது?

பெரும்பாலானவர்கள் ஓய்வு பெற்ற பிறகு எழுதலாம் என்றுதான் நினைக்கிறார்கள். உ.வே.சாமிநாதையரைவிடக் குறிப்புகளைப் பேணியவர் தமிழில் அரிது. கடிதங்களைக்கூட அடுக்கி வைத்தவர் அவர். தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை முதலில் எழுதி முடித்தார். தன் வரலாற்றை 1940-ல்தான் ஆனந்த விகடனில் ஆரம்பித்தார், ஏறத்தாழ 85 வயதில். வாரா வாரம் வந்தது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 'என் சரித்திரம்' 1890-களின் இறுதிக்குத்தான் வந்திருந்தது. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை பதிப்புகளின் கதை அதில் இருக்கிறது. பிறகு அவர் பதிப்பித்த ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், குறுந்தொகைக்கு அந்த வரலாற்றில் இடம் வரவே இல்லை. அந்த நாற்பது ஆண்டுகளை அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதினார்.